லாரியில் போன கோயில் மணி

மணியைத் தொடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்ட பிறகும், ‘ஆண்டவர் அடிக்கச் சொல்லியிருக்காரே’ என்று மூன்று வேளையும் மாதா கோயில் மணியை அடித்துவந்த சூசைமிக்கேலையும் அந்த மணியையும் போலீஸ்காரர்கள் ஒரே லாரியில் ஏற்றினார்கள். கீழே வைத்தால் கீறல் விழுமென்று மணியைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்ட ஏட்டையா, அதன் நாக்கைக் கட்ட மறந்துபோனார். முதல் பள்ளத்திலேயே டாண் என்றது. வாழைத்தோட்டத்தில் நின்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டார்கள். அடுத்த பள்ளத்தில் ஒரு தெருவே வாசலுக்கு வந்து முழந்தாளிட்டது.

“அந்த நாக்கப் பிடியும்வே!” என்று கத்தினார் ஏட்டையா.

“மணியத் தொடப்பிடாதுன்னு நீங்கதான உத்தரவு வாசிச்சீய?” சூசைமிக்கேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏட்டையாவே எட்டிப் பிடித்தார். பள்ளம் அவரைத் தூக்கிப் போட்டது. மணி இன்னும் பலமாக அடித்தது.

ஒருவழியாகப் புறவழிச்சாலை வந்தது. வழவழவென்று புதுத் தார். “அப்பாடா” என்று ஏட்டையா உட்கார்ந்தார். சூசைமிக்கேலின் முகம் வாடிவிட்டது.

டிரைவர் திரும்பி மணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டியை, குண்டும் குழியுமாகக் கிடந்த குளத்தங்கரைப் பாதையில் இறக்கினார்.