மயில் கல்லூரியின் நூறு சதவீதம்

சிட்டுக்குருவி மாடசாமி ஏமாந்துபோனான். மகளுக்குக் கூடு கட்டும் படிப்பு. தூக்கணாங்குருவி கல்லூரியில் இருபது நெல், மயில் கல்லூரியில் நூறு. பேனரைப் பார்த்து நூறைக் கட்டிவிட்டான்.

“நூறு சதவீதம் வேலையாம், தாயி!”

மகள் நேரே மயில் முதல்வரிடம் போனாள்.

“போன வருஷம் படிச்சவங்களுக்கு எங்கே வேலை, சார்?”

“இங்கேயேதான். எல்லாரையும் வாத்தியாரா போட்டுட்டோம்.”

“அவங்க கட்டின கூடு ஒண்ணு காட்டுங்க. தூக்கணாங்குருவிகிட்ட படிச்சவங்க கூடு கிணத்துமேல தொங்குது. நேத்து மழைக்கும் ஒழுகலை.”

முதல்வர் தோகையை மடக்கினார். நெல்லோடு வரிசையில் நின்ற அப்பன்மார் நழுவத் தொடங்கினார்கள். முதல்வர் அவளைச் சத்தம் போடாமல் போகச் சொல்லி, நூறு நெல்லையும் திருப்பிக் கொடுத்தார்.

“கட்டின நெல்லை யாரப்பா திரும்ப வாங்கிக் கொடுத்தது?” என்று வழியில் பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

மாடசாமி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: “என் மகள் வடிவு.”