ஓணானின் பூர்வீகம்

"சிவப்பை நீலமா மாத்திடு. கலர்தானே? எங்க பட்டறையில அரை மணி நேர வேலை" என்றான் ஜான்சன், டி.வி.எஸ். வண்டியை ஓட்டியபடியே.

"அண்ணா, இது பட்டு நூல் இல்ல. என்னோட பிஎச்.டி." பின்னால் உட்கார்ந்திருந்த ஷாரோன், இரவல் வாங்கிய லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஜான்சனுக்கு, தங்கையின் ஆராய்ச்சி ஓணானைப் பற்றியது என்பது மட்டும் தெரியும். அதை வெளியில் சொல்லவே அவனுக்குக் கூச்சம்.

"ஓணான் எந்தக் கலர்ல இருந்தா உங்க சாருக்கு இன்னாவாம்?"

"ஓணானோட கலர் இல்லண்ணா. இப்ப இருக்கிற ஓணான் வகையெல்லாம் எவ்ளோ வெயில் தாங்குது, எவ்ளோ மழை தாங்குதுன்னு சாஃப்ட்வேர்ல போட்டுக்கினு வந்தேன். எது எதுக்குச் சொந்தம்னு காட்டற வம்ச மரமும் அதுல இருக்குது. ரெண்டையும் சேர்த்து, லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இருந்த மூதாதை எந்த மாதிரி இடத்துல வாழ்ந்துதுன்னு அதுவே கணக்குப் பண்ணி, மரத்துக்குக் கலர் அடிச்சுக் காட்டும். நீலம்னா மழைக்காடு. சிவப்புன்னா காஞ்ச பாறை."

"சரி."

"சார் இருபத்தஞ்சு வருஷமா மழைக்காடுன்னு எழுதிக்கினு இருக்கார். எனக்கு அடிவேர் சிவப்பா வந்துடுச்சு."

ஜான்சன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அடிப்பாவி! அவரு கையாலயே கையெழுத்து வாங்கணும்னியே?"

"அதைவிடப் பெரிய தலைவலி, பாறைன்னு சொல்றவர் பராங்குசம்."

அ. பராங்குசம். ஷாரோனின் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தேசிகன் எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை எழுதினாலும், அடுத்த இதழிலேயே அந்தப் பெயரில் ஒரு மறுப்பு வந்துவிடும். காரசாரமாக இருக்கும். எந்த மாநாட்டிலும் அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. ஷாரோனின் கற்பனையில் அவருக்குப் பெரிய மீசை இருந்தது. போன வருஷம் ஒரு மாணவன், "பராங்குசம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார்" என்று வாய் தவறிச் சொன்னதற்கு, தேசிகன் அவனை ஆய்வுக்கூடத்தை விட்டே துரத்தினார். மாடிப்படி வரை பின்னாலேயே போய்த் துரத்தினார்.

சென்னையில் வேலை பார்க்கும் தேசிகனின் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தது. ஷாரோன் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்த மாமி, இருவர் முகத்தையும் பார்த்துப் பதறிப்போனார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்று முந்திக்கொண்டான் ஜான்சன். "மூதாதையர் விஷயமா சாரைப் பாக்கணும்."

"திவசமா? அது ஆவணியிலன்னா வரது!"

"இல்ல மேடம், ஓணானோட மூதாதையர்" என்றாள் ஷாரோன்.

"ஓ! உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ."

கூடத்தில் தேசிகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷாரோன் மேஜைமேல் ஆய்வேட்டை வைத்து, அதன் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தாள். திறக்கவில்லை.

"சார், மனசைத் திடப்படுத்திக்கங்க."

"ஏன், ஃபைல் அழிஞ்சுபோயிடுத்தா?"

"அழிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்."

திரையில் மரம் விரிந்தது. நுனிக் கிளைகளில் பாதி நீலம், பாதி சிவப்பு. தேசிகனின் விரல் ஒரு நீலக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஆசையாகக் கீழே இறங்கியது. வழியில் நீலம் ஊதாவாக மாறியது. அடிவேரில் மிளகாய்ப்பழச் சிவப்பு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"திருப்பி ஓட்டிப் பாத்தியோ?"

"பல தடவை சார். வேற முறையிலயும் போட்டுப் பாத்துட்டேன்."

"லேப்டாப் சூடாயிருக்கும். அந்தச் சூட்டுல சிவப்பாக் காட்டறதோ என்னமோ."

"சார்…"

"வேணும்னா நானே நீலமா மாத்தித் தரச் சொல்றேன் சார்" என்றான் ஜான்சன் உதவியாக. ஷாரோன் அவன் காலை மிதித்தாள்.

"மாத்த மாட்டேன் சார்" என்றாள். "என்ன வருதோ அதைத்தான் எழுதணும்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. நாளைக்கு உங்க கையெழுத்தோட ஆய்வேட்டைக் குடுக்கலைன்னா என் மூணு வருஷம் போயிடும். பரவால்ல. இந்த வேர் சிவப்புதான் சார்."

தேசிகன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேர் அப்படியே இருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, பேனாவை எடுத்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஷாரோனுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதருக்குத் தன்னால் முடிந்த எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"சார், நீங்க கவலைப்படாதீங்க. இந்த விஷயம் பராங்குசம் சார் காதுக்குப் போகாம நான் பாத்துக்கறேன்."

"எப்படிம்மா பாத்துப்பே?" தேசிகன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பின்னாலதானே நின்னுண்டிருக்கா!"

ஷாரோன் திரும்பினாள்.

"பராங்குசம் எங்கப்பா பேரும்மா. பத்திரிகைக்காரா அதை முழுசாப் போட்டு, அம்ருதவல்லிங்கற என் பேரை வெறும் 'அ' ஆக்கிட்டா. இவரும் நானும் ஒண்ணா எம்.எஸ்ஸி. படிக்கறச்சே ஆரம்பிச்ச சண்டை இது" என்ற மாமி, கணவரின் தோளைத் தட்டினார். "கொஞ்சம் நகருங்கோன்னா, அந்தச் சிவப்பை நன்னாப் பாத்துக்கறேன்!"