ஏரிக்கரையில் ஆறு கிலோ

"உங்களை நான் கொடுக்க விடமாட்டேன்" என்றாள் மனைவி, அவருக்குப் பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு. "சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

ரொட்டிக்கடைக்காரர் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே. மதகுப் பக்கம் வரும் சின்ன மேட்டிலேயே அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த ஏரியைச் சுற்றிப் பதினொரு கிலோமீட்டர் சைக்கிள் பாதை. 'சுலபமான பாதை, சிறுவர்களுக்கும் ஏற்றது' என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை எழுதியவர் தொண்ணூற்று நான்கு கிலோ இருந்திருக்க மாட்டார். கூடை வைத்த குட்டிச் சைக்கிளில் ஒரு பெண் குழந்தை மணியடித்துவிட்டு அவரை முந்திக்கொண்டு போனது.

ஐந்து வாரமாகக் காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று. அவருடைய ஒரே தங்கைக்குக் கல்லீரல் முழுக்கக் கெட்டுவிட்டது. கணவர் இல்லை, மகளுக்குப் பதினொரு வயதுதான், கூடப் பிறந்தவர் இவர் ஒருவர். ஆனால் இவருடைய கல்லீரலிலோ கொழுப்பு மண்டிக் கிடக்கிறது. ஆறு கிலோ குறைத்து அது கரைந்தால்தான் அதில் ஒரு பகுதியை எடுத்துத் தங்கைக்கு வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று பத்து மணிக்கு ஸ்கேன். இதுவும் கைவிட்டுப் போனால் தங்கை பிழைக்க வழியில்லை.

"அவ என்னை என்ன பேச்சு பேசினா" என்றாள் மனைவி. "ஆறு வருஷமா நம்ம வீட்டு வாசப்படியை மிதிச்சாளா?"

"சாகக் கிடக்கறவளைப் போய் இப்படிப் பேசாதே."

"அவ சாகணும்னு நான் சொல்லல. உங்களுக்கு வயசு ஐம்பத்தொண்ணு. இந்த மேடு ஏறவே மூச்சு வாங்குது. கத்தி வச்சா எழுந்து வருவீங்களா?"

"அப்புறம் எதுக்கு தினமும் என் பின்னாடியே வர்றே?"

"எங்கயாவது விழுந்து கிடந்தா தூக்க ஆள் வேணாமா?"

முதல் வாரமே கோரைப் புதருக்குள் சைக்கிளோடு விழுந்தவரை இழுத்துப்போட்டவள் அவள்தான். போன வாரம் அக்கா வீட்டுக்கு என்று போன இரண்டு நாள் தவிர, ஒரு சுற்றுக்கூட அவரைத் தனியாக விட்டதில்லை. 'உங்க முன்னாடி உக்காந்து நான் மட்டும் நல்லா சாப்பிடவா' என்று அவளும் அதே வேகவைத்த காய்களைத்தான் தின்றாள்.

நுழைவாயிலுக்கு வந்து இறங்கியதும் மணி பார்க்கக் கையைத் தூக்கினாள். வாட்ச் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போனது.

"எனக்குக் குறைய வேண்டியதெல்லாம் உனக்குக் குறையுது" என்று எரிந்து விழுந்தார்.

அவள் வாட்ச் வாரை இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கிக்கொண்டாள். "நேரமாச்சு, வாங்க."

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நாலு கிலோ குறைச்சிருக்கீங்க. சும்மா சொல்லக் கூடாது, பெரிய விஷயம். ஆனா கொழுப்பு போதுமான அளவுக்கு இறங்கல. இந்த நிலைமையில உங்க மேல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"இன்னும் பத்து நாள் டைம் கொடுங்க டாக்டர். தினமும் அஞ்சு சுத்து சுத்தறேன். சாப்பாட்டையே நிறுத்திடறேன்."

"உங்களால முடியும். உங்க தங்கச்சியால பத்து நாள் காத்திருக்க முடியாது."

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, சுற்றி ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதார். வாழ்நாளெல்லாம் வெண்ணெயும் மாவுமாகப் பிசைந்து ருசி பார்த்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. தங்கை மகளிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

ஸ்கேன் அறை வாசல் வரை வந்த மனைவியைக் காணவில்லை. அவள் நினைத்தது நடந்துவிட்டது, நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் விழிக்கவே கூடாது என்று தோன்றியது.

"சார், அழாதீங்க" என்று ஒரு நர்ஸ் வந்து நின்றாள். கையில் ஃபைல். "கல்லீரல் கொடுக்க இன்னொருத்தங்க இருக்காங்க. எல்லா டெஸ்ட்டும் போன வாரமே முடிஞ்சு, எல்லாம் பொருந்திடுச்சு. உங்களால முடியாமப் போனா மட்டும்தான் சொல்லணும்னு கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

அவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரும்மா அந்தப் புண்ணியவான்? கால்ல விழணும் நான்."

"விழலாம், முதல்ல ஒரு கையெழுத்து போடுங்க."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. நோயாளியின் உறவினர் என்ற வரியைத் தடவிக் கண்டுபிடித்துப் பேனாவை வைத்தார். நர்ஸ் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இல்ல சார். அதுக்குக் கீழே, கொடுக்கறவங்களோட கணவர்னு இருக்குல்ல, அங்க போடுங்க."