லேப்டாப்புக்கு ரெண்டு மச்சம்

"லேப்டாப்புக்கு மச்சம் எங்க கீது?"

சங்கமித்ரா காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாள். "சார்?"

"அங்க அடையாளம்மா. ரெண்டு சொல்லு. ஃபாரத்துல கேட்டுகீது பாரு."

கேட்டவர் பக்தவச்சலம். திருவொற்றியூரில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் வயர்லெஸ் பிரிவு குமாஸ்தா. பிரிவில் இருந்த ஒரே ஆளும் அவர்தான். லேப்டாப், செல்போன் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், பதிவு செய்த பிறகுதான் வளாகத்து வயர்லெஸ்ஸில் சேர்க்க வேண்டும் என்று 2009 தொடக்கத்தில் உத்தரவு வந்திருந்தது. படிவம் தயாரித்த புண்ணியவான், மாணவர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து 'மாணவர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'கருவி' என்று மாற்றி அச்சடித்துவிட்டார்.

"சார், நாலு மணிக்குள்ள நெட்ல ஒரு ஃபாரம் அனுப்பியாகணும். இல்லன்னா எனக்கு வேலை போயிடும். அந்த சைட்டு இங்க இருக்கிற வயர்லெஸ்ல மட்டும்தான் திறக்குது. உங்க கம்ப்யூட்டர்லயாவது ஒரு நிமிஷம்..."

"இதுவா?" மேசைமேல் துண்டு போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுக்கே இன்னும் ஃபாரம் ஓகே ஆவல."

"சார், நான் வந்ததே..."

"உன் கத அப்பால. மிஷினு கதய சொல்லு."

மணி பதினொன்று. சங்கமித்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவள் அப்பா பீம்ராவ் நேற்றே பிளாக் முழுக்க லட்டு கொடுத்து முடித்துவிட்டார். வேலை இல்லை என்று போய் நின்றால், சாப்பிட்டவர்களிடம் லட்டைத் திருப்பியா கேட்க முடியும்?

"மூடியில ஒரு கீறல் சார். அப்புறம், க்யூ எழுத்துக்குப் பட்டன் இல்ல."

"ரைட்டு. தகப்பன் பேரு?"

"கம்பெனி பேரா சார்? இது செகண்ட் ஹேண்ட்."

"அப்போ வளர்ப்புப் புள்ள. அதுக்குத் தனியா ஒரு டிக் அடி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு குடு."

"என்னோடதா?"

"உன்னுத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? மிஷினோடது."

தேரடி ஸ்டூடியோவுக்கு ஓடினாள். ஸ்டூடியோக்காரர் அப்துல் வஹாப் எந்த ஆச்சரியமும் காட்டவில்லை. இந்த வாரத்தில் இது ஏழாவது லேப்டாப் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து, நீலத் திரையை இழுத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் நிமித்தி வைம்மா. மூஞ்சி பளபளங்குது." திரையில் லேசாகப் பவுடர் ஒற்றிவிட்டுத்தான் படம் எடுத்தார்.

திரும்பி வந்தபோது பக்தவச்சலம் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து அடுத்ததைச் சொன்னார்.

"நன்னடத்தை சர்டிபிகேட். இங்க பர்மனெண்டா வேல பாக்குற யாரு கையெழுத்து போட்டாலும் சரி."

கேன்டீனில் சிலுவையம்மாள் வடை போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்தா சாதுவாத்தான் கீது. வைரஸு கிய்ரஸு கூட சேர்க்க எதுனா உண்டா?"

"இல்லக்கா. வூட்லயே கெடக்கும்."

"நாளைக்கு எதுனா ஏடாகூடமா பண்ணிச்சின்னா என்னத்தான் கூப்புட்டு கேப்பாங்க. அத்தொட்டு கேக்கறேன்." சிலுவையம்மாள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தாளில் எண்ணெய் படிந்தது.

மூன்று இருபதுக்கு பக்தவச்சலம் படிவம், சர்டிபிகேட் எல்லாவற்றையும் விரித்து வைத்து, போட்டோவையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பட்டன் இல்லாத பள்ளத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"அதேதான். எல்லாம் கரெக்டா கீது. இதுவரிக்கும் ஒருத்தரும் இவ்ளோ தூரம் வந்ததில்லம்மா."

சங்கமித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. "அப்போ கனெக்‌ஷன் குடுங்க சார். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

"சீலு நான் போட்டுடறேன். கையெழுத்து மட்டும் ஆபீசர் போடணும்."

"எங்க அவர்?"

"அவரு இல்ல, அவங்க. அந்த சீட்டு ஆறு மாசமா காலி. இன்னிக்குதான் புதுசா ஒரு அம்மா ஜாயின் பண்ணுதாம். காலைலேர்ந்து வாசலயே பாத்துகினு கீறேன், ஆளக் காணோம். நாலு மணிய தாண்டுனா ஆர்டரு கேன்சல்."

"அவங்க பேரு என்ன சார்?"

பக்தவச்சலம் டிராயரில் இருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பி. சங்கமித்ரா. வியாசர்பாடி."

"சார்... அது நான்தான். எந்த செக்‌ஷன்னு எனக்கு வந்த ஆர்டர்ல போடல. ஜாயின் பண்றதுக்குத்தான் காலையில இருந்து அலையறேன்."

பக்தவச்சலம் பதறி எழுந்தார். சட்டை பட்டனைப் போட்டார். காலியாக இருந்த நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அட, இன்னா மேடம், மொதல்லயே சொல்லப்படாதா? சட்டுனு போயி நெட்ல ஜாயின் பண்ணிட்டு வந்துடுங்க, ஒடனே உங்க மிஷினுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டு நெட்டு வாங்கிக்கலாம்!"