படுக்கை சைக்கிளும் கடைசித் தெருவும்

மதகு மேட்டில் மருதையன் எழுந்து நின்று மிதித்தான்.

அவனுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக வந்துகொண்டிருந்த யூனுஸ் பின்தங்கினான். மேட்டில் எழுந்து மிதிக்க அவனால் முடியாது. அவன் ஓட்டியது படுக்கை சைக்கிள்.

கூத்தாநல்லூரில் தன் வெல்டிங் பட்டறையில், இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி அவனே செய்தது. உட்காரும் இடத்தில் சாய்வு நாற்காலியின் துணி. மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். சிங்கப்பூர் மாமா ஒரு பத்திரிகையில் படம் காட்டியதிலிருந்து பிடித்த பைத்தியம்.

காலையில் பந்தயம் தொடங்கும் இடத்தில் அதைச் சுற்றி ஒரே கூட்டம்.

“இது என்ன சைக்கிளா, பாடையாடா?” என்று கேட்டான் மருதையன்.

“பாடைதான் மருது. ஒன் கோப்பையத் தூக்கிட்டுப் போவ வந்திருக்கு.”

கூட்டம் சிரித்தது. மருதையன் சிரிக்கவில்லை.

மூன்று வருடமாகக் காணும் பொங்கல் பந்தயத்தில் கோப்பை அவனிடம்தான். இந்த வருடம் நிமிர்ந்து ஓட்டுவது வேகமா, படுத்து ஓட்டுவது வேகமா என்று டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. தேர்தலுக்குக்கூட அவ்வளவு சத்தம் இருந்ததில்லை. தூங்குகிற மாதிரி கிடக்கிற ஒருத்தனிடம் தோற்றுவிட்டுத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று மருதையன் நினைத்தான்.

மேடு இறங்கியதும் வாய்க்கால் கரைச் சாலை. வாடைக்காற்று எதிரே வந்தது.

காற்று மருதையனின் நெஞ்சில் மோதியது. யூனுஸுக்கு மேலாகத் தாண்டிப் போனது.

சாலையில் காய்ந்துகொண்டிருந்த வைக்கோலின் மேல் படுக்கை சைக்கிள் சரசரவென்று ஏறி வந்து, மருதையனின் பின்சக்கரத்தைத் தொடுகிற மாதிரி நெருங்கி, பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

மருதையன் குனிந்தான். தாடை கைப்பிடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். மற்றவர்கள் எல்லாரும் எங்கோ பின்னால் இருந்தார்கள்.

புளியமரம் தெரிந்தது. அதைத் திரும்பினால் மேலத்தெரு. தெருவின் மறுகோடியில் பந்தலும் எல்லைக்கோடும்.

புளியமரத்தைப் பார்த்ததும் யூனுஸ் மூச்சு வாங்கக் கத்தினான்.

“மருது, நீ எறங்குற எடம் வந்துடுச்சு!”

ஆமாம். மருதையன் ஒவ்வொரு வருடமும் அங்கே இறங்குவான்.

கீழத்தெருவில் பிறந்த யாரும் மேலத்தெருவுக்குள் சைக்கிளில் உட்கார்ந்து போவதில்லை. புளியமரத்தடியில் இறங்கி, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு, பண்ணையார் இருக்கும் பண்ணை வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த வீட்டைத் தாண்டினால் தெருவும் முடிந்துவிடும். ஆட்சி மாறியிருந்தது. சங்கம் வந்து கூலி நெல் உயர்ந்திருந்தது. இந்த வழக்கத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசவும் செய்தார்கள். பேசிவிட்டு வீடு திரும்பிய கீழத்தெருக்காரர்களும் புளியமரத்தடியில் இறங்கித்தான் போனார்கள்.

பந்தயத்துக்கும் அதே வழக்கம்தான். அதனால்தான் மருதையன் ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு போவான். நாலைந்து தெரு நீளத்துக்குக் குறையாமல் முந்தியிருந்தால்தான் அவனுக்குக் கட்டும். மூன்று வருடமும் எல்லைக்கோட்டை அவன் நடந்தே கடந்தான்.

இந்த வருடம் முந்தியிருக்கவில்லை. பக்கத்திலேயே யூனுஸின் செருப்பில்லாத இரண்டு உள்ளங்கால்கள் சுழன்றுகொண்டிருந்தன.

புளியமரம் பின்னால் போய்விட்டது.

மேலத்தெருவில் எல்லாரும் முதலில் பார்த்தது அந்த உள்ளங்கால்களைத்தான். காலை நீட்டிக்கொண்டு ஒருவன் பண்ணை வீட்டுக்கு நேரே வருகிறான்! பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் நின்ற, பண்ணையை நிர்வகிக்கும் காரியக்காரர் திட்டுவதா சிரிப்பதா என்று யோசித்து, சிரிக்கவே ஆரம்பித்தார்.

பாதியில் அவர் சிரிப்பு நின்றது.

யூனுஸுக்கு அப்பால், தலையில் துண்டோடு, உட்கார்ந்தபடி மருதையன் போய்க்கொண்டிருந்தான்.

அவன் அவரைப் பார்க்கவில்லை. வீட்டையும் பார்க்கவில்லை. யூனுஸின் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு சைக்கிள்களும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன.

“யாருண்ணே மொதல்ல?” சாய்வுத் துணியிலிருந்து எழுந்திருக்காமலே யூனுஸ் கேட்டான். “சொல்லுங்கண்ணே, நான்தானே?”

கோட்டருகே கொடியோடு நின்றிருந்தார் பந்தயம் நடத்தும் மன்றத்தின் தலைவர் வைரக்கண்ணு. அவர் கோட்டையே பார்த்திருக்கவில்லை. மருதையன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் இறங்கவேயில்லை என்பது அப்போதுதான் மருதையனுக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தான்.

காரியக்காரர் வாசலிலிருந்து இறங்கித் தெருவின் குறுக்கே வந்து நின்றிருந்தார். அவருக்கும் பின்னால், வெகு தூரத்தில், புளியமரத்தடியில் கோவிந்தராசு. அவனும் கீழத்தெருதான். எப்போதும் மூன்றாவதாக வருகிறவன்.

இறங்கப் போனவன் அப்படியே நின்றிருந்தான். ஒரு கால் தரையில், ஒரு கால் மிதியில். இந்தக் கோடியில் இன்னும் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்த மருதையனைப் பார்த்தான். நடுவில் நிற்கிற காரியக்காரரைப் பார்த்தான்.

தரையிலிருந்த காலை எடுத்தான்.

சைக்கிள் மெதுவாகத்தான் கிளம்பியது. அவரை நெருங்கும்போது கோவிந்தராசுவின் குரல், வழக்கமான பணிவோடு, எல்லாருக்கும் கேட்டது.

“சித்த ஒதுங்கிக்குங்க ஐயா. பந்தயம் வருதுங்க.”

காரியக்காரர் ஒதுங்கினார்.