சூப்பர்வைசரின் கைப்பட்டை

“இந்தா, கட்டிக்க. சாயங்காலம் பத்திரமா திருப்பிக் கொடு” என்று சூப்பர்வைசர் தன் கையிலிருந்த கலோரிப் பட்டையைக் கழற்றி நீட்டினார்.

ஆஸ்பத்திரியின் அழுக்குத்துணி வண்டியைத் தள்ளுகிற அவள் அதை இரண்டு விரலால் வாங்கினாள். உள்பக்கம் வியர்வையும் சென்ட்டும் கலந்து பிசுபிசுத்தது. ஓரத்தில் கேக் கிரீம் வேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் போர்வைகளை முகம் சுளிக்காமல் அள்ளுகிறவள், இதைக் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீ எப்படியும் நாள் பூரா நடக்கத்தானே போற? உன்னோடதோட இதுவும் ஒண்ணு. வெளிய மூச்சு விட்ட, நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட.”

திட்டமே அவருடையதுதான். யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று இனி வாய் சொல்ல வேண்டாம், நடக்கிற அடியை எண்ணிப் பட்டை காட்டுகிற கலோரி சொல்லட்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டு, எல்லோர் கையிலும் பட்டை ஏற்றிவிட்டார். மாதக் கடைசியில் பட்டியலின் அடியில் இருப்பவருக்குக் கல்தா. “சட்டம்னா எனக்கும்தான்” என்று கூட்டத்தில் தன் கையை உயர்த்திக் காட்டிக் கைதட்டலும் வாங்கினார்.

அது நேற்று. நேற்று சாயங்காலம் அவள் தன் பட்டையில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள். துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். மகளின் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இந்த வேலை போனால் அதுவும் போச்சு.

அதன்பின் தினமும் காலையில் அவர் பட்டையை மணிக்கட்டில் கட்டுவாள். குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டு வண்டியைப் பிடிப்பாள். பிடித்தால் இரண்டு கையும் ஆணி அடித்த மாதிரி பிடியிலேயே இருக்கும். வண்டியின் லட்சணம் அப்படி. ஒரு சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும், கை எடுத்தால் நேரே சுவர்தான்.

அவள் ஆறு மாடி ஏறி இறங்கும்போது சூப்பர்வைசர் முழுக்கைச் சட்டையோடு கேண்டீன் ஃபேனுக்கு அடியில் பஃப்ஸை நொறுக்கிக்கொண்டிருப்பார். “தின்னா என்ன? எரியுதுல்ல!” என்று வயிற்றைத் தட்டுவார். சாயங்காலம் அதே எண்ணெய் விரலால் பட்டையை வாங்கி ஆபீஸ் பெட்டியில் போடுவார். எண்ணைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அதை மேஜைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்.

“அக்கா, அந்தாளு பீத்தப் பட்டைய நீ எதுக்குச் சுமக்குற? அழுக்குத் துணியோட சேத்துப் போட்டு வெளுக்க விடு” என்றான், காலையில் பட்டை கை மாறுவதைப் பார்த்துவிட்ட தரை துடைப்பவன்.

“இருக்கட்டும்ப்பா. இன்னும் எத்தனை நாளைக்கு?”

மாதக் கடைசி வந்தது. நிர்வாக அதிகாரி எல்லோரையும் கூட்டிவைத்துப் பட்டியலைப் பிரித்தார். முதலிடம் துணிவண்டி அம்மாவுக்கு. சூப்பர்வைசர் தாராளமாகக் கை தட்டினார். இரண்டாமிடத்துக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இரண்டாவதாகத் தரை துடைப்பவன் பெயர் வந்தது. மூன்றாவது, நான்காவது எல்லாம் போன பிறகு அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“கடைசி... நீங்கதான் சார். ஒரு நாளைக்கு நாப்பது அடி. படுத்த படுக்கையா கெடக்குற பேஷண்ட் கூட இதவிட அதிகமா புரளுவாங்களே?”

“இருக்கவே முடியாது!” சூப்பர்வைசர் மேஜையை அறைந்தார். “மாசம் பூரா இந்தப் பொம்பள கையிலதான கட்டியிருந்தேன்! ஓயாம நடக்குறா!”

வாயிலிருந்து விழுந்தது என்னவென்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அதிகாரி பேனா மூடியை மெதுவாகத் திறந்தார்.

சூப்பர்வைசர் அவள் பக்கம் பாய்ந்தார். “ஏம்மா, நீ நடந்தியா, எங்கயாவது உக்காந்து தூங்குனியா? உன் பட்டையில மட்டும் எண்ணு எப்படி ஏறுச்சு?”

“நடந்தேன் சார்.” அவள் குனிந்து வலது காலுறையைக் கீழே இழுத்தாள். கணுக்காலில் அவள் பட்டை இருந்தது.

“வண்டி புடிச்ச கையி அசையாது சார், கால்ல கட்டுனாத்தான் எண்ணும்.”