கோட்டை வாசல் வரைக்கும்

“நான்தான் அழிச்சிட்டேன்” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், சோபாவில் கிடந்த தலையணை பறந்து வந்து அவன் மூக்கில் விழுந்தது.

கோபம் வந்தால் அவன் மனைவிக்குக் கையில் அகப்பட்டதுதான் ஆயுதம். நல்லவேளை, அகப்பட்டது தலையணை.

அப்போதுதான் சோபாவில் தூங்கி எழுந்திருந்தாள். எதிரே டிவி திரையில், அவள் ஆடும் வீடியோ கேமில், அவளுடைய வீராங்கனை வெறுங்காலோடு, கையில் ஒரு குச்சியோடு, ஆரம்பக் கிராமத்துக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள்வரை அதே வீராங்கனை முழுக் கவசத்தோடு கடைசிக் கோட்டையின் வாசலில் நின்றாள். உள்ளே டிராகன் ஒன்றுதான் பாக்கி. மாதக்கணக்கில் பட்ட பாடு மொத்தமும் போய்விட்டது.

“நீ தூங்கிட்டிருந்தே. சும்மா பார்க்கலாமேன்னு நான்தான் ஆன் பண்ணினேன். ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல.”

அந்த விளையாட்டின் மேலும் அவளுக்கு எப்போதும் கோபம்தான். வாள் சண்டை என்றால் அப்படியொரு சண்டை. வீசினால் கனம் கையில் தெரியும். பனிமலை உச்சியில் நின்று பார்த்தால் வீடு, வேலை எல்லாம் மறந்துபோகும். அவ்வளவு அழகாகச் செய்தவனுக்கு, குகைக்குள் நுழைந்ததும் கேமரா ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது என்று பார்க்கத் துப்பில்லை. ஆட்டத்தைச் சேமிக்க ஒரே ஓர் இடம்தான். தெரியாமல் ‘புதிய ஆட்டம்’ பக்கம் போய்விட்டால், பொடி எழுத்தில் ‘சரியா?’ என்று ஒரு தடவை கேட்கும். இன்னொரு தட்டு தட்டினால் பழையதெல்லாம் காலி. இதைச் செய்த புண்ணியவான் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். கிடைத்தது புருஷன்தான்.

வேறு ஒரு வாரமாக இருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அந்த வாரம் அப்படிப்பட்ட வாரமில்லை. அவள் வேலை செய்வது ரத்தப் பரிசோதனை லேபில். இரண்டு நாளைக்கு முன்னால், இரண்டு பேருடைய ரத்தம் எடுத்து வைத்த டியூப்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். ரிப்போர்ட் போவதற்கு முன்பே கண்டுபிடித்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் மேலதிகாரி எல்லோரையும் வைத்துக்கொண்டு அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார். கவனமில்லாதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போகிறேன், எனக்கு எதுவுமே உருப்படியாகச் செய்ய வராது என்று அழுதாள். அவன்தான் கெஞ்சிக் கூத்தாடி, முதலில் அந்த டிராகனை முடி, மற்றதைத் திங்கட்கிழமை யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தான். ஒன்றையாவது ஒழுங்காக முடித்தோம் என்ற தெம்பு வேண்டியிருந்தது அவளுக்கு. அந்தத் தெம்பில்தான் இப்போது மண் விழுந்திருந்தது.

“கவனம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கவனமில்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?”

மேலதிகாரியின் வார்த்தைகள் அப்படியே வந்து விழுந்தன. அவளுக்கு அது உறைக்கவில்லை.

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் கொஞ்சம் அடங்கியிருப்பாள். மறுநாள் அவன் போட்டு வைத்த காபி ஆறிப்போய்க் கிடந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டையும் இந்த லட்சணத்தில்தான் ரிப்பேர் செய்வீர்களா, ஏறுகிறவர்கள் பாவம் என்றாள். அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அவன் காதில் விழும்படி, உங்க மாப்பிள்ளை கை வைத்தால் எதுதான் விளங்கும் என்றாள். ஒரு விளையாட்டுக்காகவா இவ்வளவு என்று ஆரம்பித்த அம்மாவும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை லீவு. அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

“அழிச்சது நீங்கதானே? நீங்களே ஆடிக் கொடுங்க. கோட்டை வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துங்க. அதுக்கப்புறம் பேசறேன்.”

சரி என்றான். கன்ட்ரோலரை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அவன் முதலில் டிவி ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்கினான். திரை வெள்ளையாக விழித்தது. கன்ட்ரோலரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். இருந்த பட்டன்களையெல்லாம் அமுக்கினான். எழுந்துபோய் டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைச் சுற்றிலும் தடவினான். நாள் முழுக்க பட்டன்களோடு மல்லுக்கட்டுகிற மனிதனுக்கு அந்த ஒரு பட்டன் அகப்படவில்லை.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆன் பண்ணக்கூடத் தெரியாதா என்று கத்த வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான்.

“அன்னைக்கு இதை ஆன் பண்ணினது யாரு?”

அவன் மழுப்பிப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். அன்றைக்கு வராத ஒருவருடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் தன்னையறியாமலே அதை ஆன் செய்திருக்கிறாள். அவன் உள்ளேயிருந்து வந்து பார்த்தபோது, கண் செருகித் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மட்டும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தது. கன்ட்ரோலரை உருவுவதற்குள் திரையில் கிணறு வந்துவிட்டது.

இப்போதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? எவ்வளவு பேச்சு பேசினேன் உங்களை.”

“பேசினா பேசிட்டுப் போ” என்றான் அவன். “ஒரே வாரத்துல ரெண்டு தப்பு உன்னால தாங்க முடியாதுன்னு தோணிச்சு. அதான் ஒண்ணை நான் எடுத்துக்கிட்டேன்.”